கைக்கு வராத துடிப்பு

ஈசிஜி இயந்திரம் இப்போது தானே எழுதிவிடுகிறது. தாளின் மேல் மூலையில் வயது, அதற்குக் கீழே நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு, அதற்கும் கீழே நோயின் பெயர். போன அருவி சீசனில், என்னோடு வேலை பார்த்த ஒரு நர்ஸ் அப்படி ஒரு தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். 'இயந்திரம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிறது. ஆளோ சம்மணம் போட்டு உட்கார்ந்து, புரோட்டா சாப்பிடலாமா என்று கேட்கிறார். என்ன சிஸ்டர் செய்வது?' என்று கூடவே ஒரு கேள்வி.

அது இதயம் தாறுமாறாகத் துடிக்கிற நோய். படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அருவியிலிருந்து நேரே வந்த ஆளா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். தலையைத் துவட்டி, கம்பளி போர்த்தி, சூடாக ஒரு டீ கொடுத்து, நடுக்கம் நின்ற பிறகு மறுபடி எடுத்துப் பார் என்றேன். எடுத்தாள். இயந்திரம் தன் வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொண்டது. அவர் புரோட்டா சாப்பிடப் போய்விட்டாராம்.

போனை வைத்த பிறகு பழைய நோயாளி முப்புடாதி ஞாபகம் வந்தது. சிரிப்பு போய்விட்டது. அவளுடைய தாளிலும் இதே நடுக்கம்தான். அன்றைக்கு நாங்கள் செய்தது இந்த இயந்திரம் செய்ததற்கு நேர் எதிரான தப்பு. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் தென்காசிப் பக்கத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பாளையங்கோட்டையில் படித்தேன். அங்கே கற்றதில் பாதி, படுக்கை விரிப்பில் சுருக்கம் இல்லாமல் மடிப்பது. மீதி, மேட்ரன் வரும்போது முகத்தில் சுருக்கம் இல்லாமல் நிற்பது. இதயத்தைப் பற்றி நான் கற்றதெல்லாம் வேலைக்கு வந்த பிறகு, மெடிக்கல் வார்டில்.

முதலில் கற்க வேண்டியிருந்தது வார்த்தைகளை. எங்கள் பக்கத்தில் யாரும் எடுத்த எடுப்பில் நெஞ்சு வலி என்று சொல்ல மாட்டார்கள். வாயு என்பார்கள். நெஞ்சு கரிக்கி என்பார்கள். செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் நெஞ்சுவேதனை என்பார்கள். சவுதியிலிருந்து லீவில் வந்தவர்கள் நேராகக் கொலஸ்ட்ராலில் ஆரம்பிப்பார்கள். இதயம் வேகமாக ஓடினால் படபடப்பு; தாறுமாறாக ஓடினால் திக்குதிக்கு; ஓட்டம் குறைந்து கண் இருட்டினால் கிறுகிறுப்பு. படியேற முடியாத எல்லாவற்றுக்கும் இளைப்பு. காரணம் கேட்டால் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே பதில்தான்: உடம்பு சூடு. அதற்கு மருந்தும் ஒன்றுதான். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு போய் அருவியில் நிற்பது.

எங்கள் அகராதி வேறு. டாக்கிகார்டியா, பிராடிகார்டியா, எக்டோபிக், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். முதல் வருஷம் இவற்றைச் சொல்வதற்கே எனக்குப் பெருமையாக இருக்கும். நோயாளியின் படபடப்பை டாக்கிகார்டியா என்று எழுதிவிட்டால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி ஒரு நினைப்பு. அந்த நினைப்பை ஒடித்தவர் எங்கள் சீஃப்.

மெடிக்கல் வார்டின் பெரிய டாக்டரை சீஃப் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஒல்லியான மனிதர், மெதுவான நடை. நோயாளியின் கட்டிலில் உட்கார மாட்டார். நின்றுகொண்டும் பேச மாட்டார். ஆயா ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே வர வேண்டும். ஸ்டெதஸ்கோப்பின் வட்டை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் நெஞ்சில் வைப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் நான் சிஸ்டர். ஏதாவது தப்பு செய்திருந்தால் 'சிஸ்டர் அவர்களே' ஆகிவிடுவேன். 'டாக்டர் அவர்களே' என்று ஒரு குரல் கேட்டால் வார்டில் எந்த ட்யூட்டி டாக்டரோ மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம்.

அவருக்கு இரண்டு பிடிவாதங்கள். ஒன்று, கேஸ் ஷீட்டின் முதல் வரியில் நோயாளி சொன்னதை, சொன்னபடியே, தமிழில் எழுத வேண்டும். நம்முடைய ஆங்கிலப் பெயர் எல்லாம் அதற்குக் கீழேதான். ஒரு தடவை செங்கோட்டைப் பலசரக்கு வியாபாரி ஒருவர், கையில் சோடா பாட்டிலோடு வந்தார். வாயு என்றார். ட்யூட்டி டாக்டர் வயிற்றுப் புண் என்று ஆங்கிலத்தில் எழுதி மாத்திரையும் கொடுத்துவிட்டார். சீஃப் அந்த முதல் வரியை அடித்தார். வியாபாரியின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வாயு எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று சாவகாசமாகக் கேட்டார். வியாபாரி முஷ்டியை மடக்கி நெஞ்சின் நடுவில் வைத்து, இங்கே ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது என்றார். சீஃப் மூட்டையை அப்படியே எழுதினார். பிறகுதான் ஈசிஜி. அது சரியான ஹார்ட் அட்டாக். வாயு என்று அந்த ஆள் சொன்னது பொய்யில்லை, தனக்குத் தெரிந்த பெயரைச் சொன்னார், நாம்தான் மேற்கொண்டு கேட்கவில்லை என்றார் சீஃப்.

இரண்டாவது பிடிவாதம் நாடி. கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது உலக வழக்கம். அவரிடம் அது நடக்காது. முழு நிமிடம் எண்ண வேண்டும். ஓட்டம் சீராக இருந்தால் கால் நிமிடம் போதும். சீராக இருக்கிறதா என்பதே முழு நிமிடம் பார்த்தால்தானே தெரியும் என்பார். துடிப்பு தாறுமாறாக இருந்தால் ஒரு ஆள் எண்ணுவதும் போதாது. இரண்டு பேர் வேண்டும்.

அந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இப்போது யாரும் செய்கிற மாதிரி தெரியவில்லை. அவர் ஸ்டெதஸ்கோப்பை நோயாளியின் இடது மார்புக்குக் கீழே, இதயத்தின் நுனி தட்டும் இடத்தில் வைப்பார். நான் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்திருப்பேன். அவருடைய கைக்கடிகாரத்தைக் கழற்றி இருவருக்கும் தெரியும்படி தலையணைமேல் வைப்பார். விநாடி முள் மேலே வரும்போது தலையை அசைப்பார். இருவரும் மனதுக்குள் எண்ண வேண்டும். உதடு அசையக் கூடாது, மற்றவர் எண்ணிக்கை அதன் பின்னால் போய்விடும். முள் சுற்றி வந்ததும் கை முதலில் சொல்ல வேண்டும், பிறகு நெஞ்சு. அவர் எண்ணைக் கேட்டு நான் என் எண்ணைத் திருத்திவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. இதயம் ஒழுங்காக இருந்தால் இரண்டு எண்ணும் ஒன்றுதான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் அப்படி இருக்காது. இதயத்தின் மேலறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். கீழறைகள் நிரம்புவதற்குள் அவசரப்பட்டு அடிக்கும். ரத்தம் இல்லாமல் அடித்த அடி மணிக்கட்டு வரை வராது. நெஞ்சில் கேட்கும், கையில் இருக்காது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பல்ஸ் டெஃபிசிட் என்று பெயர். சீஃப் அதைக் கைக்கு வராத துடிப்பு என்பார்.

இனி சாரல் ஈசிஜி. இந்தப் பெயர் எந்த மருத்துவப் புத்தகத்திலும் இருக்காது. எங்கள் வார்டில் பிறந்தது. சீசன் ஆரம்பித்துவிட்டால் அருவிகளில் வழுக்கி விழுந்தவர்கள், மயங்கியவர்கள், மூச்சு வாங்குபவர்கள் என்று வந்துகொண்டே இருப்பார்கள். தலை முதல் கால் வரை மசாஜ் எண்ணெய். ஈசிஜி எடுப்பதற்கு நெஞ்சில் ஒட்டும் ரப்பர் குமிழ் ஒன்றும் நிற்காது. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கத் துடைக்க வழுக்கும். அதோடு குளிர் நடுக்கம் வேறு. உடம்பு நடுங்கினால் தாளில் கோடும் நடுங்கும். அந்தக் கோடு பார்ப்பதற்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனின் கோடு மாதிரியே இருக்கும். வெளியூரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த டாக்டர்கள் அதைப் பார்த்துப் பதறுவார்கள். நாங்கள் எங்களுக்குள் சிரித்துக்கொண்டு, 'சாரல் சார், கம்பளி போர்த்துங்க' என்போம். அந்த ஊரில் வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த சமாச்சாரம் என்று எங்களுக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. கர்வம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் கதை.

சாரல் நன்றாக இறங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முப்புடாதியைக் கூட்டி வந்தார்கள். ராயகிரிப் பக்கத்துப் பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், ஐந்து மாதக் கர்ப்பம். கூட மாமியார் வேலம்மாள், புருஷன் சுடலைமுத்து. பம்புசெட் வைத்து விவசாயம் பார்க்கிற குடும்பம். மருமகளுக்கு ஓயாத படபடப்பு, சூடுதான் காரணம் என்று தலையில் எண்ணெய் வைத்து ஐந்தருவிக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள். குளித்துவிட்டுப் படியேறும்போது நடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு விட முடியவில்லை. வாடகை வேனில் தூக்கிப் போட்டு எங்களிடம் வந்தார்கள்.

ஈரத் தலை, எண்ணெய் வடியும் கழுத்து, நனைந்த சேலை. ஈசிஜி எடுத்தால் கோடு முழுக்க நடுக்கம். ட்யூட்டி டாக்டர் அந்த வருஷம் இரண்டாவது சீசனைப் பார்க்கிறவர், இப்போது பதறுவதில்லை. சாரல் என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மாற்றுச் சேலை கட்டி, சிவப்புக் கம்பளி போர்த்தி, டீ கொடுத்து மறுபடி எடுத்தோம். கோடு அப்படியே இருந்தது. இன்னும் குளிர் விடவில்லை என்று முடிவு செய்தோம். வெளியே அருவியில் வழுக்கியவர்களின் வரிசை நின்றது. முப்புடாதியின் கண் இமையை இழுத்துப் பார்த்தால் வெளிறியிருந்தது. ரத்தசோகை, கர்ப்ப கால இளைப்பு, குளிர் நடுக்கம் என்று ஷீட்டில் எழுதியாயிற்று.

சாயங்கால ரவுண்ட்ஸில் சீஃப் வந்தார். ஸ்டூல் போடப்பட்டது. ஷீட்டை எடுத்து முதல் வரியைப் படித்தார். உடம்பு சூடு, ரெண்டு நாளாகப் படபடப்பு என்று இருந்தது.

"இதைச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

நான்தான் சொன்னேன் என்றாள் வேலம்மாள். கட்டிலில் இருந்தவள் வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் கேட்டதற்கெல்லாம் மாமியார் பதில் சொல்லியிருக்கிறாள், நாங்களும் எழுதியிருக்கிறோம்.

சீஃப் முப்புடாதியின் பக்கம் திரும்பி, நீ சொல்லும்மா என்றார். அவள் மாமியாரைப் பார்த்தாள். பிறகு மெல்லிய குரலில், மூச்சுக்கு நடுவில் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"படுத்தா முட்டுது ஐயா. ராத்திரியெல்லாம் சுவத்துல சாஞ்சே உக்காந்திருக்கேன். அடிக்கது ஒரு நெரையா இல்ல. ஓடுது, நிக்கிது, பெறவு விழுந்தடிச்சிக்கிட்டு ஓடுது."

அவர் அதை ஒரு எழுத்து விடாமல் எழுதினார். அப்புறம் அவள் கையைத் தன் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஈசிஜி தாளை இன்னொரு கையில் பிடித்திருந்தார். ஒரு நிமிடத்துக்கும் மேலே ஆனது.

"டாக்டர் அவர்களே, இந்தக் கை நடுங்கல. தாள் மட்டும் ஏன் நடுங்குது?"

கடிகாரம் தலையணைக்கு வந்தது. எண்ணி முடித்ததும் நான் முதலில் சொன்னேன். என் விரலுக்கு வந்தது நூறுகூட இல்லை. அவர் கேட்டது நூற்று நாற்பதுக்கும் மேல். வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி இத்தனை நேரம் எங்கள் கண் முன்னால் மூழ்கிக்கொண்டிருந்திருக்கிறாள், நாங்கள் கம்பளி போர்த்திக்கொண்டிருந்திருக்கிறோம்.

அவளை இடது பக்கம் ஒருக்களிக்க வைத்து, ஸ்டெதஸ்கோப்பின் கிண்ணிப் பக்கத்தை வைத்துக் கேட்டார். பிறகு என்னையும் கேட்கச் சொன்னார். துடிப்புகளுக்கு நடுவே, தூரத்தில் லாரி ஒன்று உறுமுகிற மாதிரி தாழ்ந்த சத்தம். இதயத்தின் இடது பக்கத்து வால்வு சுருங்கிப்போய், ரத்தம் இடுக்கு வழியாகப் போகிற சத்தம் அது. சின்ன வயதில் மூட்டு வீக்கமும் காய்ச்சலும் வந்த பிள்ளைகளுக்கு வருவது. அதனால் சீஃப் கேட்டார், சிறு பிள்ளையாக இருக்கும்போது மூட்டு வீங்கிக் காய்ச்சல் கண்டதா, அது திரும்ப வராமலிருக்க மாதாமாதம் ஊசி போட்டார்களா என்று.

வேலம்மாள்தான் முந்திக்கொண்டாள். "அதெல்லாம் ஒண்ணுங் கெடையாது. நாங்க நல்லா விசாரிச்சுத்தான் எடுத்தோம்."

முப்புடாதி இல்லை என்று தலையை ஆட்டினாள். ஆட்டிய வேகத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சீஃப் மாமியாரைச் சூடாகப் பால் வாங்கி வரச் சொல்லி அனுப்பினார். சுடலைமுத்து ஏற்கெனவே வேன்காரரை அனுப்பிவைக்கப் போயிருந்தான். பிறகு சீஃபும் எழுந்து அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துகொண்டார்.

அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். ஐந்தாவது படிக்கும்போதிலிருந்தே ஊசி போட்டிருக்கிறார்கள். பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பிய அன்றோடு நிறுத்தியாயிற்று. மாதா மாதம் ஊசிக்குப் போகிற பெண்ணை யார் எடுப்பார்கள் என்று அவளுடைய அம்மா யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். புருஷனுக்கும் தெரியாது.

"தெரிஞ்சா என்னைய அம்மா வீட்டுல கொண்டு விட்டுருவாவ சிஸ்டர். இந்தப் புள்ளையோட நான் எங்கன போவேன்?"

சொல்லாவிட்டால் நீயும் இருக்க மாட்டாய், பிள்ளையும் இருக்காது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அது அவளுக்கே தெரிந்திருந்தது. தெரிந்துதான் சுவரில் சாய்ந்து இரவுகளைக் கழித்திருக்கிறாள். எனக்கு அவள் அம்மாவின் மேல் கோபம் வந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் இது ஒரு அம்மாவின் தப்பு மட்டும் இல்லை. ஊசிக்கு ஒழுங்காக வருகிற பிள்ளைகள் கல்யாண வயது வந்ததும் ஒவ்வொருத்தியாக நின்றுபோவதை நான் பார்த்திருக்கிறேன். ஆண் பிள்ளைகள் வந்துகொண்டிருப்பார்கள்.

சீஃபிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. யாரிடமும் பொய் சொல்ல மாட்டேன், ஆனால் யாரும் கேட்காததை நானாகச் சொல்லவும் மாட்டேன் என்றார். கேட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

தலைப் பக்கத்தை உயர்த்தி, ஆக்ஸிஜன் வைத்து, நீர் பிரிய ஊசி போட்டு, துடிப்பைக் குறைக்க மருந்து கொடுத்தோம். மறுநாள் காலையில் அவளால் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடிந்தது. அதுவே ஆபத்தாகப் போயிற்று. மாமியார் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள். சரியாகிவிட்டது, வீட்டுக்குப் போகிறோம், மற்றதைப் பேறுகாலத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள். மதுரைக்குப் போய் வால்வை விரித்துவிட வேண்டும், பேறுகாலம் வரை இந்த இதயம் தாங்காது என்று சீஃப் சொன்னபோது, பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டுபோய் வெட்டுவதா என்று கேட்டாள். கத்தியே கிடையாது, தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாக ஒரு பலூனைக் கொண்டுபோய் விரிப்பார்கள் என்று அவர் விளக்கியதை அவள் நம்பினதாகத் தெரியவில்லை. சுடலைமுத்து கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மா பேசினால் அவன் பேசுவதில்லை என்பது வழக்கம் போலிருக்கிறது.

சீஃப் அவனைக் கூப்பிட்டுத் தன் ஸ்டூலில் உட்காரச் சொன்னார். நான் பார்த்து அவர் ஸ்டூலை விட்டுக்கொடுத்தது அந்த ஒரு தடவைதான். ஸ்டெதஸ்கோப்பை அவன் காதில் மாட்டி, வட்டைத் தேய்த்துச் சூடாக்கி, முப்புடாதியிடம் கேட்டுக்கொண்டு சரியான இடத்தில் வைக்கச் சொன்னார். அவனுடைய இன்னொரு கையின் விரல்களை எடுத்து அவள் மணிக்கட்டில் நான் வைத்தேன். காப்புக் காய்த்த விரல்கள். நாடி தட்டுப்படக் கொஞ்ச நேரம் ஆனது.

"காதுல கேக்கது நெஞ்சு. விரல்ல தட்டுதது கை. ரெண்டும் சேந்து வருதான்னு பாரு," என்றார் சீஃப்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். ரொம்ப நேரம் அப்படியே இருந்தான். அவன் முகம் மாறுவதை முப்புடாதி பார்த்துக்கொண்டே இருந்தாள். வார்டில் வேறு யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, உள்ள அடிக்கது எல்லாம் கைக்கு வரல்லியே."

"வரல்ல. பாதி அடி வெறும் அடி."

"மோட்டார் ஓடுது, வாய்க்காலுக்குத் தண்ணி வரல்ல. கெணத்துக்குள்ள ஃபுட் வால்வு சிக்கிக்கிட்டா இப்படித்தான் இருக்கும்."

அதேதான் என்றார் சீஃப். இத்தனை வருஷத்தில் இந்த நோயை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மதுரைக்குப் போகிறோம் என்றான் சுடலைமுத்து, ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுக்காமலே.

வேலம்மாள் கெட்டிக்காரி. மகன் கை நழுவுவதைப் பார்த்ததும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இது இப்ப வந்ததா, கல்யாணத்துக்கு முன்னாலயே உள்ள சீக்கா?"

முப்புடாதி கண்ணை மூடிக்கொண்டாள். நான் சீஃபைப் பார்த்தேன். அவர் பொய் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். காலையில் நாடி எண்ணக் கழற்றி வைத்த கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சின்ன வேலைக்கு அத்தனை நேரம் ஆகாது. பிறகு நிமிர்ந்து வேலம்மாளைப் பார்த்தார். சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"முன்னாலயே உள்ளதுதான்," என்றான் சுடலைமுத்து. "பேசி முடிச்ச அன்னைக்கே அவ அப்பா என்கிட்ட தனியாச் சொல்லிட்டாரு. தெரிஞ்சுதான் கட்டுனேன். உன்கிட்ட சொல்லாதது நாந்தான். இப்ப என்ன அதுக்கு?"

வேலம்மாள் மகனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா என்று மட்டும் முணுமுணுத்துவிட்டு, பால் டம்ளரை எடுத்துக் கழுவப் போனாள். சீஃப் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். ஆயா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள்.

எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் குழப்பம். புருஷனுக்குத் தெரியாது என்று இவள் சொன்னாளே, அப்பா தனியாகச் சொல்லியிருந்தால் இவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். மதுரையில் பலூன் வைத்து வால்வை விரித்தார்கள். கார்த்திகை மாதம் பெண் குழந்தை பிறந்தது. துடிப்பு முழுக்க ஒழுங்குக்கு வரவில்லை. மாத்திரையும் ஊசியும் நிற்கவில்லை. ஊசிக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் வருவாள், பல தடவை வேலம்மாளே கூட்டி வருவாள். வரிசையில் நிற்கும் பெண்களிடம் மருமகளுக்கு நெஞ்சில் வால்வு கோளாறு என்று வேலம்மாள் சத்தமாகச் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். அதன் பிறகு சீசனில் எந்தத் தாள் நடுங்கினாலும், சாரல் என்று சொல்லும் முன்னால் ஆளின் கையைப் பிடித்துப் பார்ப்பது எங்கள் வார்டில் வழக்கமானது.

நான் சொல்ல வந்தது அவர்கள் மதுரைக்குக் கிளம்பிய அந்தக் காலைப் பொழுதைப் பற்றி. ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. முப்புடாதியை ஸ்ட்ரெச்சரோடு உள்ளே ஏற்றி, ஆக்ஸிஜன் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வேலம்மாள் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் பையும் பிளாஸ்க்குமாக ஏறி உட்கார்ந்திருந்தாள். சுடலைமுத்து பின்கதவுப் பக்கம் வந்து, முன்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டான்.

"சிஸ்டர், இவளுக்கு என்ன சீக்கு? அதுக்குப் பேரு என்ன?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. உனக்குத்தான் கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரியுமே என்றேன்.

"எனக்கு எங்கன தெரியும்? ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. போற வழியெல்லாம் அம்மா கேட்டுக்கிட்டே வருவா. பேரு கூடத் தெரியலன்னா நம்புவாளா?"

மைட்ரல் ஸ்டெனோஸிஸ் என்றேன். ஒரு தடவை சொல்லிப் பார்த்தான், நாக்கு புரளவில்லை. இன்னொரு தடவை சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது. உள்ளே ஏறி அவள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, உதட்டுக்குள் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் தூங்கிக்கொண்டிருப்பதாக அவன் நினைத்திருப்பான். நான் கதவைச் சாத்தும்போது பார்த்தேன். அவள் கண் திறந்திருந்தது.